எதை முதலில் பேசுவது?

2007 ஜூன் 7, விடியற்காலை. கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதே மாதம் தமிழ்நெட் இணையத்தளமும் இலங்கையில் முடக்கப்பட்டது.

கொழும்பு முகத்துவாரத்து வீடுகளில் யன்னலைச் சாத்தி, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து பிபிசி தமிழோசை கேட்ட காலம் அது.

முதலில் போரில் வெற்றி, விமர்சனம் பிறகு என்றது அரசு. எழுதிய கட்டுரைகளுக்காகப் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

தமிழர் பக்கமும் வேறு மாதிரி இருக்கவில்லை. 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான ரஜனி திராணகம, இந்திய இராணுவத்தையும் நம் இயக்கங்களையும் ஒரே கோலால் அளந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். வயது 35.

நம் பிழையை நாமே சொன்னால் எதிரிக்குத்தானே லாபம் என்ற கேள்வி ஷெல் விழும் ஊரில் நியாயமாகவே படும். ஆனால் எதை முதலில் பேசுவதென்று அந்த ஷெல்லடிக்குள் இருந்த சனத்திடம் யார் கேட்டார்கள்? 2009இல் வன்னியில் சிக்கிய சனத்தை வெளியே வர விடுங்கள் என்று இயக்கத்திடம் சொன்னவர்களுக்கு நம்மவர்களே துரோகிப் பட்டம் கட்டினார்கள்.