காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து!

டெங்கு வந்துவிட்டால் சில கனவான்களுக்கு ஒரே பல்லவிதான். "ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை. குடத்திலும் டிரம்மிலும் தண்ணீரைத் தேக்கிக் கொசு வளர்க்கிறார்கள். வியாதி முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள்!" 2017-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு கண்டது, 65 பேர் மாண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அந்த வருஷமும் இதே பல்லவிதான். அபராத நோட்டீஸ்கள் பறந்தன. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது யார்? தொழிலாளி வீட்டுப் பெண்ணும் அவள் வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம்மும்!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டால், அந்த எட்டு நாளும் டிரம்மில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். தினம் தண்ணீர் வந்தால் இடமில்லாத ஒண்டுக் குடித்தனத்தில் எவள் டிரம்மைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாள்? டிரம்மை மூட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூடத்தான் வேண்டும், வாரம் ஒரு தரம் உள்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அந்த முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆனால் ஒரு கேள்வி. இந்தக் கொசு கடிப்பது பகலில். பகலில் தொழிலாளி எங்கே இருக்கிறான்? மில்லில்! மில் காம்பவுண்டில் கிடக்கும் பழைய டயரையும் மூடாத டாங்கியையும் எட்டிப் பார்க்க எத்தனை இன்ஸ்பெக்டர்கள் போனார்கள்?

இருக்கட்டும், இது பழைய சண்டை. இன்று நாம் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்தைப் பற்றி.

ஒரு மழைக்காலத்தில் நம் தோழர் ஒருவருக்கு, நூற்பாலையில் சைடு பார்க்கிறவர், நாலு நாள் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. "விட்டது சனி" என்று அவர் சம்சாரம் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நாலு நாள் சம்பளம் போயிற்று, ஐந்தாவது நாளும் போக வேண்டுமா? அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் வயிற்று வலி, வாந்தி மேல் வாந்தி. "சாப்பாடு ஒத்துக்கலை" என்றார் மேஸ்திரி. சாயங்காலம் கைகால் சில்லிட்டுவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்தான் இருக்கிறது. உடனே நாலு பை ஏற்ற வேண்டும், ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்றார்கள். அந்த அம்மாள் தோட்டைக் கழற்றிக்கொண்டு கந்துவட்டிக்காரனைத் தேடிப் புறப்பட்டார். நாம் போய் மறித்து, அவரை ஆம்புலன்ஸில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கே ஒரு நர்ஸ் மணிக்கு ஒரு தரம் ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரை அளந்தார், சலைனை அளந்து விட்டார். இரண்டு ராத்திரி இப்படி. மூன்றாம் நாள் காலையில் தோழர் இட்லி கேட்டார். ஒரு பை பிளேட்லெட் கூட ஏற்றவில்லை!

இது அதிர்ஷ்டமல்ல. டெங்குவின் போக்கே இப்படித்தான். காய்ச்சல் இறங்குவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அநேகம் பேருக்கு அத்தோடு சரியாகிவிடும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் உள்ள நீர் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒழுகிப் போகிறது. குழாய்க்குள்ளே ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் விழுகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். இந்தக் கண்டம் 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரைதான். அதுவரை வாயாலோ ஊசியாலோ நீரைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால், கசிவு தானே நின்று, ஒழுகிய நீர் தானே ரத்தத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போதும் கண்மூடித்தனமாக பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து அதனாலும் ஆள் போகலாம். ஆக, விலையுயர்ந்த மருந்து ஏதும் இதற்கு வேண்டியதில்லை. கண் விழித்துப் பார்த்துக்கொள்ளும் மனிதர்தான் வேண்டும். 1960-களிலேயே பாங்காக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற பெண் டாக்டர், குழந்தைகளின் படுக்கையருகே நின்று இந்தப் போக்கைக் கண்டறிந்து எழுதி வைத்தார். சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகக் கவனித்தால் கடுமையான டெங்குவிலும் நூற்றுக்கு ஒருவர் கூடச் சாகமாட்டார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் வியாபாரம் நடப்பதோ பிளேட்லெட் எண்ணிக்கையை வைத்து! ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது இருபதாயிரம் ஆகிவிட்டது என்றால் எந்தக் குடும்பம்தான் பதறாது? அந்தப் பதற்றம்தான் முதல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து ஆஸ்பத்திரிகளில், பிளேட்லெட் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கிய 372 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு பிளேட்லெட் ஏற்றினார்கள், மறு பிரிவுக்கு ஏற்றவில்லை. மற்றக் கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஏற்றியவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு ரத்தக் கசிவு, ஏற்றாதவர்களில் 26 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். ஆனால் பிளேட்லெட் ஏற்றியதால் வந்த உபத்திரவங்கள்தான் அதிகம். 2017-ல் இது வெளியாயிற்று. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும், ரத்தப் பெருக்கு இல்லாதவருக்கு எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனாலும் பிளேட்லெட் ஏற்றுவதைத் தவிர்க்கும்படி எழுதியது. நிஜமாகவே ரத்தம் கொட்டினால் விஷயம் வேறு. அதை டாக்டர் தீர்மானிக்கட்டும். ரத்தம் கொட்டாதவனிடம் எண்ணைக் காட்டித் தோட்டைக் கழற்றுவதைத்தான் கொள்ளை என்கிறோம்.

நேர்மையான டாக்டர்கள் இதையெல்லாம் அறிவார்கள். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவரோடும் சண்டையில்லை, குடிக்கட்டும். கஷாயத்தைக் காட்டி நர்ஸ் வேலைகளைக் காலியாகப் போட்டு வைப்பதற்குத்தான் நாம் விரோதி.

இன்னொரு விஷயமும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். "எனக்கு ஒரு தரம் டெங்கு வந்துவிட்டது, இனி வராது" என்று நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். டெங்குக் கிருமி நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தி நிற்கும். மற்ற வகைகளுக்குச் சில மாதப் பாதுகாப்புத்தான். அது தேய்ந்த பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் கிருமியைக் கொல்லாமல், அதைக் கையைப் பிடித்து ரத்த அணுவுக்குள் அழைத்துப் போய்விடுகிறது! காவல்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. அதனால் இரண்டாம் தரம் வருவதுதான் அநேகமாக உக்கிரமாக வருகிறது. ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர் இதைச் சொன்னபோது சந்தேகித்தவர்கள் உண்டு. கியூபாவில் நடந்தது பலரை நம்ப வைத்தது.

1977-ல் கியூபாவில் முதல் வகை பரவியது, மிதமாக வந்து போயிற்று. 1981-ல் இரண்டாம் வகை நுழைந்தது. 3,44,203 பேர் படுத்தார்கள். 158 பேர் மாண்டார்கள்; அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997-ல் அதே இரண்டாம் வகை சாந்தியாகோ நகரில் மறுபடி தலைகாட்டியது. 205 பேருக்கு உக்கிரமாகி 12 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு பேரும் வயது வந்தவர்கள்! 1977-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் முதல் வகையின் பழைய எதிர்ப்புப் பொருள் இல்லை, ஆகவே அவர்கள் தப்பினார்கள். இருபது வருஷம் கழித்தும் உடம்பு அந்தப் பழைய கணக்கை மறக்கவில்லை என்பதை பெத்ரோ கோரி ஆராய்ச்சி நிலையத்து மரியா குவாதலூப்பே குஸ்மானும் அவர் தோழர்களும் ஆள்வாரியாகச் சோதித்து நிறுவினார்கள்.

1981-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். "உயிர் ஊசலாடும்போது வா" என்று அங்கே நோயாளியைத் திருப்பி அனுப்பவில்லை. 1,16,143 பேரைப் படுக்கையில் சேர்த்துக் கண்காணித்தார்கள், மூன்றில் ஒருவர் என்ற கணக்கில்! சுமார் நாலு மாதத்தில் கொள்ளைநோயே அடங்கியது. பணக்கார தேசம் செய்த காரியமா இது?

எதிர்ப்புச் சக்தியின் இந்தச் சூட்சுமத்தை மதிக்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். பிரெஞ்சு கம்பெனியான சனோபியின் டெங்வாக்ஸியா தடுப்பூசியை 2016 ஏப்ரல் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 350 கோடி பெசோ சர்க்கார் பணம். டெங்கு வராத பிள்ளைக்கு ஊசியே முதல் தொற்றுப் போலாகி, பிறகு வருவது உக்கிரமாகலாம் என்று ஹால்ஸ்டெட் 2016-லேயே எச்சரித்தார். கேட்கவில்லை. 2017 நவம்பரில் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது. திட்டம் நின்றது. அதோடு தாய்மார்களுக்கு எல்லா ஊசிமீதும் நம்பிக்கை தளர்ந்தது. 2019-ல் அந்நாட்டில் தட்டம்மை பரவி 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். தடுப்பூசி வேண்டாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்லக்கூடாது. தட்டம்மை ஊசி கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. டெங்குவுக்கும் நல்ல ஊசி வந்துகொண்டிருக்கிறது. பிரேசில் நாட்டின் பொதுத்துறை நிலையமான புத்தாந்தான் ஒரே தவணை ஊசியை உருவாக்கி 2025 நவம்பரில் அனுமதி பெற்றது. நம் நாட்டிலும் 2024 ஆகஸ்டில், பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து இறுதிக்கட்டச் சோதனை தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எத்தனை வருஷம் பார்த்த பிறகு என்பதை லாபக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஊசி வரும்போது வரட்டும். இந்த மழைக்கே என்ன செய்வது?

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூபன் கூடவே கூடாது. வலி போக்க ஊசி போடுகிற கடை வைத்தியமும் வேண்டாம். கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் தாராளமாகக் கொடுக்கலாம். காய்ச்சல் இறங்கும்போது வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் ராத்திரியே தூக்கிப் போக வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரை வேலைக்குப் போகக்கூடாது.

போகக்கூடாது என்று எழுதுவது சுலபம். சம்பளம் யார் கொடுப்பது? 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டம் நோய்க் காலத்துக்கு நூற்றுக்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரை என்று வழி செய்தது. அதிலும் முதல் இரண்டு நாள் கிடையாது! காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தக் கார்டே பல இடங்களில் கைக்கு வருவதில்லை. நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கோ காய்ச்சல் நாளுக்கு ஒரு சல்லி கிடையாது. அவள் ஐந்தாம் நாள் சேற்றில் இறங்கினால் அது அறியாமையா? அவளுக்கு எல்லாம் தெரியும். அடுப்பு எரியவேண்டும் என்பதும் தெரியும்.

மில்களில் நம் கமிட்டிகள் மழைக்கு முன்பே நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் எழுதிக் கொடுக்கட்டும்: டெங்கு கண்டவருக்குக் காய்ச்சல் விட்டபின்னும் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, காம்பவுண்டுக்குள் வாரம் ஒரு தரம் கொசுப் புழு ஒழிப்பு. கிராமத்துத் தோழர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்கட்டும்: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி நர்ஸ் இருக்கிறாரா? ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் பி.சி.வி. சோதனையை ஒரே நாளில் இரண்டு தரம் எடுக்க முடியுமா? குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அதன் நகலைக் கையோடு வாங்கி வரவேண்டும்.