லேசர் அடிச்சா ஃபில்லிங் கெட்டியா ஒட்டுமா?

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்லை. நாள் முழுக்க ஆணி புடுங்குற மென்பொருள் ஆசாமி. படிச்சது இன்ஜினியரிங், அதனால ஒரு பொருள் இன்னொண்ணோட எப்படி ஒட்டுதுன்னு பார்க்கிறதில் ஆர்வம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். பல்லைக் குடைய லேசர் நல்ல கருவி. ஆனா "லேசர் அடிச்சா ஃபில்லிங் நல்லா புடிச்சுக்கும்"னு சொல்லிக் கூடுதல் காசு வாங்குறது எனக்குச் சரியாப் படலை.

பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மாமாவுக்கு ஒரு பல்லில் ஈறு ஓரமா பள்ளம். வருஷக்கணக்கா பிரஷ்ஷை ரம்பம் மாதிரி இழுத்த புண்ணியம். பல் நிற ரெசின் வெச்சு அடைச்சாங்க, விழுந்துடுச்சு. மறுபடி வெச்சாங்க, அது சாப்பாட்டோட உள்ள போச்சு. இப்போ ஒரு கிளினிக்கில் லேசர் யோசனை சொல்லியிருக்காங்க. "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே மாப்ளே, பார்த்துச் சொல்லு"ன்னு போன். எங்க வீட்ல ஃபேன் ஓடலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பல்லோட வெளித்தோடு எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. இதில் ஒட்ட வைக்கிறது எப்பவோ தீர்ந்த கணக்கு. 1955ல் அமெரிக்காவில் மைக்கேல் புவனகோர், எனாமல் மேல பாஸ்பாரிக் ஆசிட் தடவினா ரெசின் கெட்டியா புடிக்குதுன்னு காட்டினார். உலோகத்தில் பெயின்ட் ஒட்டறதுக்காகத் தொழிற்சாலைகளில் அதே ஆசிட்டைப் பூசுவாங்க, அங்கேர்ந்து சுட்ட ஐடியா!

தகராறு எல்லாம் உள்ள இருக்கிற டென்டினில். அதில் தாது சுமார் 70 சதவீதம்தான், மீதி கொலாஜன் நாரும் தண்ணியும். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள், அத்தனையும் உள்ளேயிருந்து ஈரம் கசியறது. ஈரச் சுவத்தில் போஸ்டர் ஒட்டற கதை. ஆசிட் போட்டா மேல சில மைக்ரான் ஆழத்துக்குத் தாது கரைஞ்சு, கொலாஜன் நார் மட்டும் ஸ்பாஞ்ச் மாதிரி நிக்கும். அந்த இடுக்கில் ரெசின் ஊறி இறுகணும். 1982ல் ஜப்பானின் நகபயாஷி இந்தக் கலப்பு அடுக்கை விவரிச்சார். டென்டினில் ஃபில்லிங் நிக்கிறது பெரும்பாலும் இந்த மெல்லிசான அடுக்கோட தயவில்தான்.

இப்போ லேசர். 1960களில் ரூபி லேசரைப் பல்லில் அடிச்சுப் பார்த்தாங்க, சூடு தாங்கலை. பிறகு வந்த எர்பியம் யாக் லேசரோட அலைநீளம் 2940 நானோமீட்டர், தண்ணி அதை அப்படியே உறிஞ்சிக்கும். பல்லுக்குள்ள இருக்கிற தண்ணி சட்டுனு ஆவியாகி வெடிச்சு, பல் துணுக்கை வெளியே தள்ளிடும். ட்ரில் இல்லாமலே பல் குடையலாம். அமெரிக்காவில் 1997லேயே இதுக்கு அனுமதி கிடைச்சாச்சு.

ட்ரில் பண்ணினா டென்டின் மேல அரைச்ச தூள் ஒரு படலமா அப்பிக்கும். லேசரில் அது கிடையாது. மைக்ராஸ்கோப் போட்டோவில் பார்த்தா குழாய் வாயெல்லாம் திறந்து, சுத்தி விளிம்பு உறைகிணறு மாதிரி தூக்கிட்டு நிக்கும். நல்லா சொரசொரன்னு இருக்கும். ஒட்டறதுக்கு இதைவிட என்ன வேணும்னு தோணும். விற்பனையே அந்த போட்டோவை வெச்சுத்தான்.

போட்டோவில் தெரியாதது கொலாஜன். அது புரதம், சூடு பட்டா முட்டை வெள்ளைக்கரு கதிதான். தண்ணி பீய்ச்சிக்கிட்டே அடிச்சாலும், மேல் சில மைக்ரானில் நார்கள் ஒண்ணோடொண்ணு உருகி ஒட்டிக்கும். தீ பக்கத்தில் காட்டின கேரிபேக் மாதிரி. இடுக்கு இல்லைன்னா ரெசின் எங்க போய் ஊறும்? குழாய்க்குள்ள இறங்கற ரெசின் பிடிப்புக்குக் கொஞ்சம்தான் உதவும். "லேசர் அடிச்சா ஆசிட்டே வேண்டாம்"னு ஒரு காலத்தில் சொன்னாங்க, அதுவும் நிக்கலை.

ஆராய்ச்சி முடிவுகள் ஒரே குரலில் பேசுதான்னா, இல்லை. நிறைய சோதனைகளில் ட்ரில் பண்ணின டென்டினை விட லேசர் டென்டினில் பிடிப்பு குறைவு. சிலதில் சமம். அதிகம்னு வந்ததும் உண்டு. எவ்வளவு சக்தி, எத்தனை துடிப்பு, எவ்வளவு தண்ணி, எந்தப் பசைங்கிறதைப் பொறுத்து விடை மாறுது. அதோட பெரும்பாலானவை பிடுங்கின பல்லை வெச்சு ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்த சோதனைகள். எங்க பாஷையில் சொன்னா "என் மெஷின்ல ஓடுது". வாயில் எச்சில், சூடு காபி, ஐஸ்கிரீம், ராத்திரி பல் கடிக்கிறதுன்னு லோடு வேற.

மாமாவோட பள்ளம் இன்னும் மோசமான இடம். கீழ் ஓரத்தில் எனாமலே கிடையாது. வயசான டென்டினில் குழாய்களும் தாது அடைச்சுக் கெட்டிப்பட்டிருக்கும். ஈறு பக்கத்திலேயே இருக்கிறதால ஈரம் வேற. அதனால் அவரைக் கேக்கச் சொன்ன கேள்விகள்: வேலை நடக்கும்போது எச்சில் படாம ரப்பர் ஷீட் கட்டுவீங்களா? லேசருக்கு அப்புறம் ஆசிட், பசை எல்லாம் முறையாப் போடுவீங்களா? முன்ன ரெண்டு தடவை ஏன் விழுந்துச்சு? பிரஷ் பிடிக்கிற முறையைப் பார்த்தீங்களா? கடைசி ரெண்டுக்கும் பதில் இல்லாம மூணாவது தடவை வெச்சா, மெஷின் எதுவானாலும் பிரயோஜனம் இல்லைங்கிறது என் கருத்து.

இது சில்லறைப் பிரச்சினைன்னு விட முடியாது. ஒவ்வொரு தடவை ஃபில்லிங் மாத்தும்போதும் கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்து போகும். பள்ளம் நரம்பு வரைக்கும் போயிட்டா ரூட் கெனால், கிரவுன்னு செலவு எகிறும். போதாக்குறைக்கு, பாதரசம் கலந்த பழைய வெள்ளி ஃபில்லிங் ஐரோப்பிய யூனியனில் 2025லேர்ந்து அநேகமா நின்னு போச்சு. அது பசையில்லாம பள்ளத்தோட வடிவத்திலேயே பிடிச்சு நின்ன சாமான். இனி ரெசின்தான் பாதிக்கு மேலன்னா, இந்த ஒட்டும் கணக்கு எல்லாருக்கும் வரும்.

லேசரே வேண்டாம்னு சொல்லலை. அதிர்வு கம்மி, ட்ரில் சத்தம் இல்லை, சில பேருக்கு மரத்துப்போக ஊசியும் தேவைப்படறதில்லை. நாற்காலியைப் பார்த்தாலே அலறுற குழந்தைக்கு அது பெரிய விஷயம். அந்த சௌகரியத்துக்குன்னு சொல்லிக் காசு கேட்டா தாராளமா கொடுக்கலாம்.

படிக்கிறவங்கள்ல பல் டாக்டர் யாராவது இருந்தா, லேசருக்கு அப்புறம் வெச்ச ஃபில்லிங் உங்க கையில் எத்தனை வருஷம் நின்னுச்சுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, விவரத்தோட திட்டுங்க.