குறட்டை நின்றால் கவனம்!

வீட்டு ஆண்கள் குறட்டை விட்டால், "அசந்து தூங்குறாக, எழுப்பாதே" என்பது எங்கள் காரைக்குடிப் பக்கத்து வழக்கம். ஆனால் பலத்த குறட்டை சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு திரும்பினால் அது நல்ல தூக்கம் அல்ல, சகோதரிகளே! நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, இருதய நோய், வண்டி ஓட்டும்போதே கண்ணயர்வது எல்லாம் வரும். 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரி காலமானபோது, டாக்டர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

முதல் வைத்தியம், மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் 'சி-பேப்' கருவி. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்தது. நல்ல பலன் உண்டு. ஆனால், "மூஞ்சியில மாட்டினா மூச்சு முட்டுது" என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

அவர்களுக்காக வந்ததுதான் நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி. அமெரிக்காவில் 2014-ல் அனுமதித்தார்கள். பேஸ்மேக்கர் போன்ற சின்னப் பெட்டியை வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி தாடைக்கடியில் உள்ள நரம்புக்குப் போகிறது. படுக்கும்போது ரிமோட்டில் போட்டால், மூச்சிழுக்கும்போது நாக்கை மெல்ல முன்னுக்குத் தள்ளும். காலையில் நிறுத்திவிடலாம். 126 பேருக்கு வைத்துப் பார்த்ததில், மணிக்கு 29 தடவை என்ற அளவில் இருந்த மூச்சுத் தடை ஓராண்டில் 9 ஆகக் குறைந்தது.

ஆனாலும் இது எல்லாருக்கும் ஒத்துவராது. ஆப்பரேஷன் வேண்டும், செலவும் அதிகம். மிகப் பருமனானவர்களுக்கும், அண்ணம் சுற்றிலும் சுருங்கி அடைப்பவர்களுக்கும் அவ்வளவாகப் பலிக்காது. சரியான அளவு மாஸ்க்கை மாற்றிப் பார்க்காமல் இதற்கு ஆசைப்படக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். செல்போனில் குறட்டையைப் பதிவு செய்து, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். குழந்தை தினமும் குறட்டை விட்டால் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு சதைதான் காரணம், அதையும் காட்டிவிடுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு நமக்கும் இது வரும். அவுக மூச்சை நாம் கவனிக்கிறோம். நம் மூச்சை யார் கவனிக்கிறார்கள்? பகலெல்லாம் அசதியும், காலையில் தலைவலியும் இருந்தால், வீட்டு வேலைதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள்.