சுகாதார எழுத்தறிவும் வினாக்கொத்தின் நடுநிலையும்

உடல்நலம் பற்றிய தகவல்களைத் தேடிப்பெற்று, விளங்கி, வாழ்வில் பயன்படுத்தும் ஆற்றல் சுகாதார எழுத்தறிவு எனப்படும். வளர்ந்தோரிடையே இதனை வினாக்கொத்துக்களால் அளந்து, அவர்களைத் தரம்பிரிக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. இவ்வளவைகள் நடுநிலையானவை என்பது ஆய்வாளர் பலரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானது. இருவருக்கிடையே நிகழும் தொடர்பாடலில் ஒருவரை மட்டும் பரீட்சித்து, தோல்வி முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவதே இவை ஆற்றும் பணியாகும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான ‘றெல்ம்’ என்னும் சோதனையை நோக்குவோம். 66 மருத்துவச் சொற்களை நோயாளி உரத்து வாசித்தல் வேண்டும். சரியாக உச்சரித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பொருள் விளங்கியதா என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. எழுத்தும் ஒலியும் முரண்படும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு வாசிப்புப் பழக்கத்தை ஓரளவு காட்டலாம். எழுதியபடியே ஒலிக்கும் ஸ்பானிய மொழியில் அதுவும் கைகூடவில்லை. எனவே, 2006இல் அம்மொழிக்கென அமைக்கப்பட்ட சோதனையில், பொருட்டொடர்புள்ள சொல்லைத் தெரிந்தெடுக்கும் பகுதியும் சேர்க்கப்பட்டது. தமிழுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்பதைப் பிழையின்றி வாசிக்கும் ஐந்தாந்தர மாணவன் அந்நோயை அறிந்தவனாகிவிடான்.

2011இல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு வேறு வழியை நாடியது. மருத்துவர் கூறுவதை விளங்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்பது போன்ற 47 வினாக்களுக்கு, ‘மிக எளிது’ முதல் ‘மிகக் கடினம்’ வரையான நான்கு விடைகளில் ஒன்றை அது வேண்டி நின்றது. ‘கடினம்’ என ஒருவர் விடையிறுப்பின், குறை அவருடையதா, மருத்துவரின் பேச்சினுடையதா? வினா இதனைப் பிரித்தறியாது. புள்ளியோ அவர் பெயரிலேயே குறைகின்றது. ஈற்றில், ஏறத்தாழ அரைவாசிப்பேர் போதிய சுகாதார எழுத்தறிவற்றோர் எனக் கணிக்கப்பட்டனர். நெதர்லாந்தில் இது 29 சதவீதம். பல்கேரியாவில் 62 சதவீதம். பல்கேரிய மக்கள் அறிவிற் குறைந்தோர் என்பதா இதன் பொருள்? அந்நாட்டு மருத்துவ அமைப்பு மக்களுக்கு விளங்காத மொழியிற் பேசுகின்றது என்றும் இதே எண்களை வாசிக்கலாமன்றோ? பரீட்சார்த்திகளில் அரைவாசிப்பேர் தவறும்போது வினாத்தாளையும் கற்பித்தலையும் ஐயுறுவதே முறை.

அளவிடாவிடின் அரசுகள் அக்கறை கொள்ளா என்பர் சிலர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மருந்துறையிலுள்ள அறிவுறுத்தலை வாசிக்க இயலாது இடர்ப்படுவோரின் நிலையை வெளிக்கொணர்ந்ததில் இச்சோதனைகளுக்கும் பங்குண்டு. ஆயின், அளவுகோல் ஒரு பக்கமாகவே நீட்டப்படின் பரிகாரமும் ஒரு பக்கமாகவே அமையும்: மக்களுக்குப் போதனை, நிறுவனங்களுக்கு விடுதலை. துண்டுப்பிரசுரத்தின் மொழி, மருந்துறையின் எழுத்து, மருத்துவர் ஒதுக்கும் நேரம் என்பனவும் அளக்கப்படல் வேண்டும்.

தான் கூறியதை நோயாளியின் சொந்தச் சொற்களிலேயே திருப்பிக் கூறுமாறு மருத்துவர் கேட்கும் முறையொன்று சில நாடுகளிற் கையாளப்படுகின்றது. நோயாளி பிழையாகக் கூறின், மருத்துவர் வேறுவிதமாக மீண்டும் விளக்குகின்றார். அங்கு பரீட்சை விளக்கியவருக்கே. வினாக்கொத்துக்கள் இந்நேர்மையைக் கற்கும்வரை, அவை தரும் புள்ளிகளைக் கொண்டு மக்களை அறியாதோர் என முத்திரையிட எவருக்கும் உரிமையில்லை.