ஒரே ஜோடியில ரெண்டு சைஸ் ஏன் தர மாட்டாங்க?

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல சுகர் பேஷன்ட் இருந்தா கட்டாயம் படிங்க.

போன மாசம் ஓபியில ஒரு அம்மா வந்தாங்க. ஊர் குயிலாப்பாளையம். பதினாலு வருஷமா சுகர். முந்திரித் தோப்புல கொட்டை பொறுக்கும்போது முள் குத்தினது தெரியாம சீழ் வெச்சு, போன வருஷம் வலது கால் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தாச்சு. அந்தப் புண் நல்லா ஆறிடுச்சு. இப்ப வந்தது அதே காலில் மூணாவது விரலுக்கு அடியில் புதுசா ஒரு கொப்புளத்தோடு.

செருப்பைக் கழட்டச் சொன்னேன். ரெண்டு விரல் போனதால வலது பாதம் சின்னதாயிடுச்சு, செருப்பு லொட லொடன்னு இருக்கு. கழண்டு போகாம இருக்க முன்னாடி பழைய துணியைச் சுருட்டி அடைச்சிருக்காங்க. அந்தத் துணி உரசி வந்ததுதான் கொப்புளம்.

"என்னம்மா இது?"

"இன்னா பண்றது டாக்டரம்மா, ரெண்டு காலுக்கும் ஒரே சைஸ்தான குடுக்குறான். பாண்டில பெரிய கடைக்கே போயி வேற வேற சைஸ் கேட்டேன். ரெண்டு ஜோடியா வாங்கிக்கோன்னுட்டு சிரிக்கிறான்."

கூட வந்த மகளை வந்தவாசி பக்கம் கட்டிக்கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு வேலை எங்க தெரியுமா? செய்யாறு சிப்காட்டில், ஷூ கம்பெனியில. உலகம் பூரா போற ஷூவைத் தைக்கிற பொண்ணு, பெத்த அம்மா காலுக்கு ஒரு ஷூ வாங்க முடியலன்னு என் முன்னாடி உட்கார்ந்திருக்கு.

கடைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, கம்பெனி ஏன் முடியாதுங்குதுன்னு பாப்போம். ஷூ செய்ய லாஸ்ட்ன்னு ஒரு கால் அச்சு வேணும். ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு, அதிலும் இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. அடிப்பாகம் வார்க்கிற மோல்டும் அப்படித்தான். ஆயிரக்கணக்குல ஓடினாதான் அந்த மோல்டு செலவு கட்டுப்படியாகும். ஆக, ஒருத்தர் காலுக்குன்னு புதுசா அச்சு செதுக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்றது நியாயம்தான். நான் முதலாளியா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனா இந்த அம்மா புது அச்சு கேட்கலையே. இடது 6, வலது 5. ரெண்டுமே கடை ரேக்குல இருக்கு. கொடுத்தா வலது 6-ம் இடது 5-ம் அநாதையா நிக்கும், அதை யார் தலையில கட்டுறதுங்கறதுதான் கடையோட பிரச்சனை. அதாவது இது தொழிற்சாலைப் பிரச்சனையே இல்ல, ஸ்டாக் பிரச்சனை. அமெரிக்காவுல ஜாப்போஸ்னு ஒரு ஆன்லைன் கடை 2020-ல் ஒத்தை ஷூவும், சைஸ் மாறின ஜோடியும் விற்க ஆரம்பிச்சது. செய்யணும்னு நினைச்சா வழி இருக்கு.

சரி, புது அச்சே தேவைப்படுற கால்களுக்கு கம்பெனிகள் எப்பவுமே செய்றதில்லையா?

ஸ்வப்னா பர்மனை ஞாபகம் இருக்கா? மேற்கு வங்காளம் ஜல்பைகுரிப் பொண்ணு, ரிக்‌ஷா ஓட்டினவரோட மகள். ரெண்டு பாதத்திலும் ஆறாறு விரல். 2018 ஆகஸ்ட்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லானில் தங்கம் வாங்கினாங்க. அந்தப் போட்டியில இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அதுவரைக்கும் கடையில கிடைக்கிற ஷூவுக்குள்ள அகலமான பாதத்தைத் திணிச்சு, வலியோடதான் ஓடினாங்க. ஜெயிச்ச பிறகு மைக் முன்னாடி தன் காலுக்கு ஏத்த ஷூ வேணும்னு கேட்டாங்க. அடிடாஸ் முன்வந்தது. ஜெர்மனியில இருக்கிற தன்னோட லேபுக்கு வரவழைச்சு, பாதத்தை அளந்து, தனியா செஞ்சு கொடுத்தது. நல்ல விஷயம். சந்தோஷம்.

ஆனா அந்தப் பன்னிரண்டு விரலும் தங்கம் வாங்கின அன்னைக்கு முளைச்சதில்லையே!

அச்சு அதே அச்சு, செலவு அதே செலவு. மாறினது அந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதுறாங்கங்கறது மட்டும்தான். வீராங்கனைக்குச் செய்றது விளம்பரக் கணக்கு, எனக்கும் உங்களுக்கும் செய்றது உற்பத்திக் கணக்கு. முதல் கணக்குல அது வரவு, ரெண்டாவதுல நஷ்டம். சினிமா ஸ்டார், டிசைனர் பேர்ல வர்ற லிமிடெட் எடிஷனும் இதே கதைதான். எல்லாருக்கும் கிடைக்காதுங்கறதுதான் அங்க சரக்கே.

விதிவிலக்கும் உண்டு. செரிப்ரல் பால்சி இருந்த மேத்யூ வால்சர்னு ஒரு அமெரிக்கப் பையன், ஷூ லேஸை நானே கட்டிக்க முடியலைன்னு 2012-ல் நைக் கம்பெனிக்குப் பகிரங்கமா கடிதம் எழுதினான். 2015-ல் லெப்ரான் ஜேம்ஸ் பேர்ல வர்ற ஷூ வரிசையிலேயே லேஸ் கட்டத் தேவையில்லாத ஃப்ளைஈஸ் மாடல் வந்தது, யார் வேணா வாங்கலாம். அந்தக் கடிதம் இணையத்துல பரவினது அவனோட அதிர்ஷ்டம். குயிலாப்பாளையத்து அம்மா யாருக்குக் கடிதம் எழுதுவாங்க?

இங்கதான் எனக்கு நம்ம பார்மசி ஞாபகம் வருது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. தமிழ்நாடு அரசு சப்ளை, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும். அந்த அட்டையை நமக்குன்னு தனியா அச்சடிச்சுத் தர்றது தனியார் மருந்துக் கம்பெனிகள்தான். நீங்க ஒருத்தரா போய் என் பேர் போட்டு ஒரு அட்டை கொடுன்னா துரத்திவிடுவாங்க. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மாநிலத்துக்கே மொத்தமா நான் வாங்குறேன்னதும் செஞ்சாங்க. நாம தங்க மெடல் எதுவும் வாங்கல. ஆர்டர் பெருசு, அவ்வளவுதான்.

செருப்புக்கும் இது பொருந்தும். இடது 6 வலது 5 கேட்கிற இந்த அம்மா ஒரு கடைக்கு அபூர்வம். தமிழ்நாடு முழுக்கப் பார்த்தா, இடது 5 வலது 6 கேட்கிற இன்னொருத்தர் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நிச்சயம் உட்கார்ந்திருப்பார். அநாதை ஷூக்களைச் சேர்த்துவைக்க ஒரு கடையால முடியாது, ஒரு அரசால முடியும். பாதம் பாதுகாப்போம்னு திட்டம் வெச்சு சுகர் பேஷன்ட் கால்களைப் பரிசோதிக்கிறோமே, அதே ரெஜிஸ்டர்ல ரெண்டு கால் சைஸையும் எழுதினா டெண்டருக்கு அளவு ரெடி.

பழைய உதாரணமும் நம்மகிட்டயே இருக்கு. தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கிற எம்சிஆர் செருப்பு. மெத்துன்னு இருக்கிற மைக்ரோசெல்லுலார் ரப்பர், உணர்ச்சி போன பாதத்துல அழுத்தத்தைப் பரப்பிவிடும். வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் காலத்துலேர்ந்து இந்த மாதிரி கால்களுக்குச் செருப்பு செய்ற வேலை நடக்குது. ஆனா அதுல ஒரு பாடமும் உண்டு. பார்த்தவுடனே நோயாளிச் செருப்புன்னு தெரியும், அதனாலேயே நிறைய பேர் போட மாட்டாங்க. அரசு ஆர்டர் கொடுத்தா, கடையில விற்கிற அதே மாடல்ல உள்ளே மட்டும் மாத்திக் கேட்கணும். கலர் முதற்கொண்டு. இதுல கஞ்சத்தனம் பண்ணா மொத்தக் காசும் வீண்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அவங்க ஊர்லயே, ஆரோவில் போற ரோட்டுல, வெளிநாட்டுக்காரங்களுக்கு அளவெடுத்து லெதர் செருப்பு தைக்கிற ஒருத்தர் இருக்கார். ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன்: விரலிடுக்கில் கட்டை வேண்டாம், பின்பட்டை வேணும், உள்ளே எம்சிஆர் ஷீட், மேலே வெல்க்ரோ. அவர் ரெண்டு பாதத்தையும் பேப்பர்ல வெச்சு பென்சிலால வரைஞ்சு, நாலு நாள்ல கொடுத்துட்டார். ஏமாத்தல, ஆனா விலை கூடத்தான். மகளோட ஓவர்டைம் காசு அது. எல்லா ஊர்லயும் ஆரோவில் ரோடு இல்லையே.

போன வாரம் செக்கப்புக்கு வந்தப்ப கொப்புளம் காய்ஞ்சிருந்தது. "நல்லாருக்கு டாக்டரம்மா, ஆனா கோயிலுக்குப் போட்டுப் போனா வாசல்ல எவனாவது தூக்கினு போயிடுவான்னு பயமாருக்கு"ன்னாங்க. சைஸ் வேற வேறம்மா, எவனுக்கும் உதவாதுன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க.

உங்க வீட்டு சுகர் பேஷன்ட்டுக்குச் செருப்பு வாங்கும்போது சாயங்காலமா போங்க, கால் லேசா வீங்கியிருக்கும் நேரம். ரெண்டு காலையும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்க. மரத்துப்போன காலுக்கு இறுக்கமான செருப்புதான் சரியா இருக்கிற மாதிரி தோணும், அதை நம்பாதீங்க. ஓபிக்கு வரும்போது போடுற செருப்போடயே வாங்க. நானும் அதைக் கழட்டிப் பாக்கணும்.