படகு நிறுத்த இடம் தேடறீங்களா? வாடகைக்கு முன்னாடி கரண்ட் பாருங்க

1/ காங்கேயத்துல கடல் ஏதுங்க, டாக்டருக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க. பாய்மரப் படகுலயே குடியிருந்து ஊர் சுத்தறவங்க, குளிர்காலத்துக்கு மால்டா, துருக்கியில மர்மாரிஸ் மாதிரி துறைகள்ல படகைக் கட்டிட்டு அதுலயே தங்கறாங்க.

2/ இடம் தேடும்போது முதல்ல வாடகையைத்தான் பாப்பாங்க. நான் சொல்றது, கரையிலிருந்து கரண்ட் வருமான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா குளிருக்குக் கதவைச் சாத்திட்டு கேஸ் அடுப்பு, கரி அடுப்புன்னு பத்த வைக்கத் தோணும்.

3/ அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல ஹீமோகுளோபினை இறுக்கிப் பிடிச்சுக்கும். மலை ஊர்ல ரூமுக்குள்ள கரி அடுப்போட தூங்கினவங்க எந்திரிக்காம போறது இதனாலதான்.

4/ தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். படகுல இருக்கறவங்க, அலையில ஆடின மயக்கம்னு நினைச்சுப் படுத்துக்குவாங்க. விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரும் எல்லாம் சரியா இருக்கற மாதிரியே காட்டி ஏமாத்தும். எல்லாருக்கும் ஒண்ணா தலை வலிச்சா உடனே வெளிய வந்துருங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

5/ கரண்ட் உள்ள துறைக்கு வாடகை கூடத்தான் இருக்கும். குடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் மாட்டுங்க. படகுக்கு மட்டுமில்ல, ஊட்டியில ரூம் போடறவங்களுக்கும் இதேதானுங்க.