கடைசிக் கதவிலிருந்து தொடங்குங்கள்

நண்பர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஒரு பப்பிலிருந்து இன்னொரு பப்புக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நாள் முழுக்கச் சுற்றி வருவதற்கு பப் க்ரால் என்று பெயர். க்ரால் என்றால் தவழ்வது. பெயர் வைத்தவர் நாளின் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். நண்பகலில் நிமிர்ந்து நடந்து போனவர்கள் ராத்திரி எப்படித் திரும்புவார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

குடிப்பது சரியா தவறா என்ற வழக்கை இந்தப் பக்கத்தில் நடத்தப் போவதில்லை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அது தெரிந்தும், பெங்களூர், புனே, டெல்லி என்று வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பிறந்தநாள், பதவி உயர்வு, கல்யாணத்துக்கு முந்தைய வாரம் என்று ஏதாவது ஒரு காரணம் வைத்து இப்படி ஒரு நாளை ஏற்பாடு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் தலையில் அந்த ஏற்பாடு விழும். அவருக்காகத்தான் இந்த வாரம்.

வழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆனால் அங்கேயே பகல் முழுக்கச் சுற்றுவது வெகுகாலம் நடக்காத காரியம். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடக்கூடாது என்று பிற்பகலில் பப்களை மூடச் சொன்னார்கள். போர் முடிந்தும் அந்தச் சட்டம் முடியவில்லை. இங்கிலாந்தில் பிற்பகலிலும் திறந்து வைக்கலாம் என்று அனுமதி வந்தது 1988-ல்தான். இன்று லண்டனில் மோனோபொலி ஆட்டப் பலகையில் உள்ள தெருக்களையும் ரயில் நிலையங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பப் என்று சுற்றுகிறவர்கள் உண்டு. மொத்தம் 26 நிறுத்தங்கள். முழுதாக முடித்தவர்களைவிட, முடித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நம் நாட்டில் இதற்குத் தோதான ஊர் பெங்களூர். 1980-களின் பிற்பாதியில் அங்கே பப்கள் முளைத்தன; சீக்கிரமே 'பப் நகரம்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் உள்ள பெக்கோஸ் 1989-ல் தொடங்கியது. இந்திரா நகரில் டாய்ட் 2010-ல் வந்தது. அங்கேயே காய்ச்சிய பீரை அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம். டாஸ்மாக் கடை வாசலில் நின்றுகொண்டே அவசர அவசரமாக விழுங்குவதைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுக்காரருக்கு, ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசலாம் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலை, சர்ச் தெரு எல்லாம் நடந்தே சுற்றக்கூடிய தூரம். சர்ச் தெருவை 2018-ல் நடப்பவர்களுக்கு ஏற்றபடி கல் பாவிப் புதுப்பித்தார்கள். எம்.ஜி. சாலை மெட்ரோவில் ஏறினால் டிரினிட்டி, அல்சூர், மூன்றாவது நிலையம் இந்திரா நகர். அந்தப் பாதை 2011 முதல் ஓடுகிறது. ஆக, வண்டியே தொடாமல் ஒரு நாளை முடிக்க முடியும். இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் முதல் பப் எது என்பதில் தொடங்குகிறார்கள். நான் சொல்வது தலைகீழ். கடைசிக் கதவை விட்டு வெளியே வந்தபின் ஒவ்வொருவரும் எப்படி வீடு போய்ச் சேரப் போகிறார்கள்? அதை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசி மெட்ரோ எப்போது, யார் எந்தத் திசை, யார் யாரோடு டாக்ஸி, யார் யார் வீட்டில் தங்கல். இது தயாரானால் பாதி வேலை முடிந்தது. 'நம்மில் ஒருத்தன் குடிக்காமல் இருந்து கார் ஓட்டுவான்' என்ற ஏற்பாட்டை நம்பாதீர்கள். நாள் முழுக்க ஐந்து பப்பில் உட்கார்ந்தபின் 'ஒன்றே ஒன்றுதானே' என்ற குரல் எழும். வண்டிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சட்டமும் விளையாட்டல்ல. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. இங்கிலாந்தில் அந்த வரம்பு 80. அங்கே தப்பிக்கிற அளவு இங்கே மாட்டும். மெட்ரோவிலும் குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பது தண்டனைக்குரியது.

அடுத்தது வேகம். கணக்கு எளிது. ஐந்து சதவீத பீர் 330 மில்லி குடித்தால் உள்ளே போகும் ஆல்கஹால் சுமார் 13 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஐந்து இடம், இடத்துக்கு ஒரு சின்ன கிளாஸ் என்றாலே 65 கிராம். அது தீர ஏழெட்டு மணி நேரம். இடத்துக்கு இரண்டு என்றால் 130 கிராம். கணக்கு மறுநாள் விடியற்காலைவரை நீளும். எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' பீர் என்றால் இன்னும் மோசம். காபி, எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீரில் குளியல் எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. தூக்கம் கலையலாம், போதை கலையாது.

ஆகவே ஐந்து இடத்துக்கு மேல் வேண்டாம். முதல் நிறுத்தம் பப்பாகவே இருக்க வேண்டியதில்லை. செயின்ட் மார்க்ஸ் சாலையில், 1940-ல் பேக்கரியாகத் தொடங்கிய கோஷீஸ் இருக்கிறது. அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இடையில் ஒரு மணி நேரம் கப்பன் பார்க் மரநிழல். இல்லாவிட்டால் சர்ச் தெருவின் புத்தகக் கடைகள். ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்தவுடன் முதலில் தண்ணீர் கேளுங்கள். தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 போன்ற நாட்களில் கதவே திறக்காது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் விற்பனை கிடையாது.

பணத்திலும் ஒரு சூட்சுமம். 'இந்த ரவுண்ட் என்னுடையது' என்ற வழக்கம் பெருந்தன்மை போலத் தெரியும். ஆறு பேர் என்றால் ஆறு ரவுண்ட் முடியாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. எல்லாரும் கூட்டத்தில் வேகமாகக் குடிப்பவனின் வேகத்துக்கு ஓட வேண்டும். 1915-ல் லண்டனில் அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதையே அரசாங்கம் தடை செய்தது என்றால் அதன் வலிமையைப் புரிந்துகொள்ளலாம். சாப்பாடு, தண்ணீர், டாக்ஸிக்குப் பொதுவாக முன்பே வசூலித்துவிடுங்கள். குடிப்பதற்கு அவரவர் அவரவருக்கே கொடுக்கட்டும். யார் எப்போது நிறுத்தினாலும் கணக்கு கேட்க ஆள் இருக்காது.

ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் குடிக்காத ஒருவர் இருப்பார். அவரைக் கைப்பை காவலாகவும் போட்டோ எடுப்பவராகவும் ஆக்குவதுதான் வழக்கம். மாத்திரை சாப்பிடுபவர், விரதம் இருப்பவர், குடியை விட்டு இரண்டு வருடம் ஆனவர், வெறுமனே பிடிக்காதவர் என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். காரணம் கேட்கும் உரிமை நமக்கில்லை. 'மச்சான், ஒரு வாய் குடிடா' என்று ஒரு தடவை சொன்னால் கேலி. மூன்றாவது தடவை சொன்னால் வன்முறை. ஒரு நட்பு ஒரு கிளாஸ் பீரில் நிற்கிறது என்றால் அது எவ்வளவு நாள் நிற்கும்?

பெண்கள் கூட்டத்தில் இருந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அவர்களுக்குக் காவல் தேவை என்பதற்காக அல்ல, ஊர் அவர்களை வேறு கண்ணால் பார்க்கிறது என்பதற்காக. 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் ஒரு கும்பல் புகுந்து பெண்களை அடித்து விரட்டியதை டெலிவிஷனில் நாடே பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2018-ல் விடுதலையும் ஆனார்கள். எந்த இடத்தில் உட்காரச் சங்கடமாக இருக்கிறது, எப்போது கிளம்ப வேண்டும் என்பதில் அவர்கள் சொல்வதே முடிவாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். நினைவில்லாமல் சரிந்தவனைப் பார்த்து 'தூங்கட்டும் விடு' என்பது இந்த நாளின் மிக ஆபத்தான வாக்கியம். கடைசி கிளாஸுக்குப் பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் மூச்சடைத்துப் போகலாம். உலுக்கினால் எழவில்லை, மூச்சு மெதுவாக இழுக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கடத்தும் அரை மணி நேரத்தில் ஓர் உயிர் போய்விடும்.

இத்தனையும் கேட்டபின், இதென்ன உல்லாசப் பயணமா, பள்ளிக்கூடச் சுற்றுலாவா என்று தோன்றலாம். உண்மையில் இரண்டாவதுதான். ஒவ்வொரு கதவிலும் தலை எண்ணும் வாத்தியார் வேலைதான் ஏற்பாட்டாளருக்கு. அன்றைக்கு எல்லாரையும்விடக் குறைவாகக் குடிக்க வேண்டியவரும் அவர்தான். கைம்மாறு என்ன என்றால், மறுநாள் காலையில் அந்த ஆறு பேரும் ஒருவர் விடாமல் போனை எடுத்துத் தலைவலியைப் பற்றிப் புலம்புவார்கள். அந்தப் புலம்பலை ஆறு குரலிலும் கேட்டுவிட்டால் ஏற்பாடு வெற்றி.